வேலூர் வட்டார மாத இதழுக்குச் சொல் கையேடு: எதை எடுப்பது, எதை விடுவது?

மெய்ப்பு_காட்பாடி எழுதியது:

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக்கும் போகிற ஒரு சிறிய மாத இதழுக்குச் சொல் கையேடு தயாராகிறது. எழுதுகிறவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஊர்ச் செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர்கள். ஒரே இதழில் 4-ஆம் பக்கம் 'மாற்றுத்திறனாளி', 9-ஆம் பக்கம் 'ஊனமுற்றவர்', கடைசிப் பக்கத் துணுக்கில் 'நொண்டி' என்று வந்துவிடுகிறது. அதைச் சீர் செய்யத்தான் இந்தக் கையேடு.

இப்போது கையில் இருப்பது ஒரு அட்டவணை. இடப்பக்கம் நீக்க வேண்டியது, வலப்பக்கம் போட வேண்டியது. ஊனமுற்றோர் என்றால் மாற்றுத்திறனாளி, குஷ்டரோகி என்றால் தொழுநோயாளி, அரவாணி என்றால் திருநங்கை, விதவை என்றால் கைம்பெண், துப்புரவுத் தொழிலாளி என்றால் தூய்மைப் பணியாளர், மனவளர்ச்சி குன்றியவர் என்றால் மனநோயாளி, ஹரிஜன் காலனி என்றால் ஆதிதிராவிடர் காலனி. கணினியில் ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்பது திட்டம்.

சிக்கல் எங்கே என்றால், பழமொழிகளை என்ன செய்வது? பாரதக் கூத்து பற்றிய கட்டுரைகளில் கட்டியக்காரன் (கூத்தில் கேலி பேசும் பாத்திரம்) பேசுவதை அப்படியே போடுவதா? வன்கொடுமைச் செய்தியில் திட்டிய வார்த்தையை எழுதலாமா? ஊர்ப் பெயரிலேயே சாதி இருந்தால்? குழுவில் மூத்தவர் ஒருவர், 'எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் இன்னாத்த எழுதறது' என்கிறார். அவருக்குச் சொல்லவும் ஒரு பதில் வேண்டும்.

வினைமுற்று எழுதியது:

முதலில் அந்த 'தேடி மாற்று' பொத்தானிலிருந்து கையை எடுங்கள். ஆங்கிலத்துக்கு ஓரளவு நடக்கும், தமிழுக்கு நடக்காது. 'விதவை' என்பதை 'கைம்பெண்' என்று ஒட்டுமொத்தமாக மாற்றினால் 'விதவையின்' என்பது 'கைம்பெண்யின்' என்று ஆகும். 'விதவைக்கு' என்பது 'கைம்பெண்க்கு' ஆகும். மறுபுறம் 'ஊனமுற்றோர்' என்று தேடினால் 'ஊனமுற்றோருக்கு', 'ஊனமுற்றோரின்' எதுவும் அகப்படாது, ஏனென்றால் அங்கே கடைசி ர் மேல் புள்ளி இல்லை. பாதி மாறும், பாதி தங்கும். தேட வேண்டியது சொல்லின் அடியை: 'ஊனமுற்ற', 'விதவை', 'குஷ்ட', 'அரவாணி'. கிடைக்கும் ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்து, வாக்கியத்தையே திருத்துங்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய ஓட்டை உங்கள் அட்டவணையில் இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் பெயர்ச்சொல். தமிழில் மரியாதை உட்கார்ந்திருப்பது வினையின் வாலில். 'தூய்மைப் பணியாளர் முனியன் காலையில் வந்தான், மருத்துவர் பத்து மணிக்கு வந்தார்' என்று ஒருவர் எழுதி அனுப்பினால் உங்கள் அட்டவணை அதைப் பிடிக்காது. பெயரெல்லாம் புதுசு, வால் பழசு. கிராமத்தில் அறுபது வயதுக்காரரை இருபது வயதுப் பையன் 'வா, போ' என்று கூப்பிடுவதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. கேட்கிறவருக்கு அதுவே போதும்.

ஆகவே கையேட்டின் முதல் விதியே விகுதி பற்றியதாக இருக்கட்டும். பதினெட்டு வயது தாண்டிய யாருக்கும், தொழில், சாதி, வழக்கு எதுவானாலும், ஆர் விகுதி. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அதுதான். சிறைவாசிக்கும் அதுதான் (வேலூர் மத்திய சிறைச் செய்தி அடிக்கடி வரும் இதழாயிற்றே). இதைச் சரிபார்க்க 'ந்தான்', 'த்தான்', 'ட்டான்', 'னான்', 'கிறான்' என்று தனித்தனியாகத் தேடுங்கள். அதே போல 'ந்தாள்', 'த்தாள்', 'கிறாள்'. வெறும் 'ான்' என்று தேடினால் நான், தான், வான் எல்லாம் வந்து குவியும். 'த்தான்' தேடும்போதும் 'அதைத்தான்', 'அவரைத்தான்' என்று பொய்யாகச் சில சிக்கும், தள்ளிவிடுங்கள். கிடைத்த பட்டியலில் யார் யாருக்கு 'ஆன்' விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கூலித் தொழிலாளி, காவலாளி, ஆட்டோ ஓட்டுநர், வடமாநிலத் தொழிலாளர் என்று ஒரே வகை ஆட்களாகவே இருப்பார்கள்.

பாலினத்தைப் பொறுத்தவரை தமிழுக்கு ஒரு வசதி உண்டு. 'அவர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் திருநருக்கும் பொது. ஆசிரியர், செவிலியர், ஓட்டுநர், காவலர், நடத்துநர் எல்லாமே பொது. 'பெண் ஓட்டுநர்' என்று எழுதுமுன் அந்தப் 'பெண்' செய்திக்குத் தேவையா என்று பாருங்கள்.

இன்னொன்று, வெளியூர் மெய்ப்புக்காரர்கள் தடுமாறும் இடம். நம் பக்கத்துப் பேச்சில் 'அந்தப் பொண்ணு வந்துச்சு', 'பெரிம்மா சொல்லுச்சு' என்பது வாஞ்சை. அஃறிணை முடிவு இருக்கிறதே என்று மேற்கோளுக்குள் கைவைக்காதீர்கள். ஆனால் நிருபர் தன் நடையில் திருநங்கை ஒருவரைப் பற்றி 'அது வந்தது' என்று எழுதினால் அது வாஞ்சை இல்லை. அங்கே 'அவர்' தான், மறுபேச்சே இல்லை.

பாலாறு_மணல் எழுதியது:

நான் அந்த மூத்தவர் கட்சி. சொல்லை மாத்தினா மனசு மாறிடுமா?

வரிசையா பாருங்க. 1922-ல எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்துல தீர்மானம் கொண்டுவந்து, பஞ்சமர், பறையர்ன்ற பேருக்குப் பதிலா ஆதி திராவிடர்னு ஆச்சு. 1930-கள்ல காந்தி ஹரிஜன்னு சொன்னாரு. மரியாதைன்னு நெனச்சுதான் சொன்னாரு. அம்பேத்கர் அப்பவே ஒத்துக்கலை. 1982-ல மத்திய அரசே சாதிச் சான்றிதழ்ல அந்தச் சொல்லை எழுதாதேன்னு சொல்லிடுச்சு. இப்ப அதே சொல்லைச் சொல்லித் திட்டினா வழக்கு. ஊனமுற்றோர்ன்றதும் ஒரு காலத்துல குருடன், முடவனுக்குப் பதிலா வந்த கௌரவமான வார்த்தைதானே? அரவாணியும் அப்படித்தான். இன்னும் இருபது வருஷத்துல மாற்றுத்திறனாளியும் வசவாயிடும், அப்ப இன்னொரு கையேடு போடுவீங்களா?

இன்னொரு பயமும் இருக்கு. இந்த மாதிரி கையேடெல்லாம் கடைசியில நம்ம பேச்சு மேலதான் கை வைக்கும். இன்னா, கீது, பேமானி, கஸ்மாலம்னாலே தஞ்சாவூர்க்காரங்களுக்குக் கெட்ட வார்த்தை. திட்டுறதுல கூட சுத்தத் தமிழ் கேக்குறாங்க.

வினைமுற்று எழுதியது:

மணல் அண்ணே, கடைசிப் பத்தியில் நான் உங்கள் பக்கம். வட்டார வசவு வேறு, பிறப்பைச் சுட்டும் வசவு வேறு. கையேடு அந்த இரண்டையும் ஒரே சாக்கில் போடக்கூடாது.

'பேமானி' உருதிலிருந்து வந்தது, நேர்மை கெட்டவர் என்று பொருள். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று உருது பேசும் ஊர்கள் சூழ்ந்த இடத்தில் அது தமிழுக்குள் வந்ததில் வியப்பில்லை. ஒருவர் செய்த காரியத்தைத் திட்டுகிறது, அவர் யாருக்குப் பிறந்தார் என்பதை இல்லை. கதை, கட்டுரை உரையாடலில் தாராளமாக இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே நின்று அதே மாதிரி ஒலிக்கும் 'கேப்மாரி' அப்படி இல்லை. அது ஒரு சமூகத்தின் பெயர். பிரிட்டிஷார் 1871-ல் கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டத்தின் போக்கில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் அவர்களும் உண்டு. நாடு முழுவதும் அந்தச் சட்டம் 1952-ல் ஒழிந்தது. தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. திருடன் என்ற பொருளில் அதை நகைச்சுவைத் துணுக்கில் எழுதுகிறவர் ஒரு சமூகத்தையே சுட்டுகிறோம் என்று அறியாமல்தான் எழுதுகிறார். 'சண்டாளன்', 'சண்டாளி' இன்னொன்று. ஒப்பாரியிலும் சண்டையிலும் சர்வ சாதாரணம், ஆனால் அதுவும் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். இதைத் திட்டாகவோ பாட்டிலோ பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமே அறிவுறுத்தியது. 'குறவன்' அதே கதை.

சோதனை இதுதான்: வசவை உச்சரித்ததும் 'அந்தப் பெயரில் ஆட்கள் இருக்கிறார்களா?' என்று கேளுங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அது வெறும் கெட்ட வார்த்தை, அதை ஆசிரியர் குழுவின் கூச்சத்துக்கு விட்டுவிடலாம்.

சொல் தேய்ந்துபோகும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் கொடுத்த வரிசையிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. 'ஆதி திராவிடர்' கேட்டு வாங்கிய பெயர், நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. 'ஹரிஜன்' மேலிருந்து கொடுத்த பெயர், ஐம்பது ஆண்டு தாங்கவில்லை. 2021-ல் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயருக்கு நாடாளுமன்றத்தில் சட்டத்திருத்தம் வரை போனார்களே, அதுவும் கேட்டு வாங்கியதுதான். இருபது ஆண்டு கழித்து இன்னொரு கையேடு போட வேண்டி வந்தால் போடுவோம், அகராதிக்கும்தான் புதுப் பதிப்பு வருகிறது.

கரிகிரி_சாலை எழுதியது:

உடல்நலம், ஊனம் சம்பந்தப்பட்ட வரிகளில் மட்டும் சொல்கிறேன். அட்டவணையில் ஒரு வரி மரியாதைக் குறைவு மட்டும் இல்லை, தகவலே தப்பு.

மனவளர்ச்சி குன்றியவரை 'மனநோயாளி' என்று மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு. பிறப்பிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ கற்றல், புரிதலில் உள்ள குறை அறிவுசார் குறைபாடு. மனநோய் எந்த வயதிலும் வரலாம், மருந்தில் கட்டுப்படும். முன்னதற்கு 'அறிவுசார் குறைபாடு உடையவர்', பின்னதற்கு 'மனநலச் சிகிச்சை பெறுபவர்' என்று எழுதுங்கள். குற்றச் செய்தியில் 'மனநலம் பாதிக்கப்பட்டவர் போல் தெரிந்தார்' என்று நிருபரே நோய் கண்டுபிடிப்பதை முற்றிலும் வெட்டிவிடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மனநல மையத்தில் சிகிச்சை பெறுகிறவரின் படத்தையோ தகவலையோ அவர் ஒப்புதல் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. சென்னைக்காரர்கள் கேலிக்குக் 'கீழ்ப்பாக்கம்' என்பது போல நம் ஊரில், மனநல மருத்துவமனை இருக்கும் இடம் என்பதால், 'பாகாயம்' என்பார்கள். துணுக்கு, கார்ட்டூன் இரண்டிலும் அது நுழையாமல் பாருங்கள். பாகாயத்தில் நிறைய பேர் சும்மா வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

தொழுநோய்க்கு வருவோம். 1955 முதல் காட்பாடி பக்கத்துக் கரிகிரியில் இதற்கென்றே மருத்துவமனை இருக்கிறது. விரல் மடங்கிப்போன கைகளுக்கு தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையை மருத்துவர் பால் பிராண்ட் உருவாக்கியது வேலூர் சி.எம்.சி.யில். அப்படிப்பட்ட ஊரின் இதழில் இந்தச் சொல் சரியாக இருக்க வேண்டும். கூட்டு மருந்துச் சிகிச்சை, கிருமி குறைவாக இருந்தால் 6 மாதம், அதிகமாக இருந்தால் 12 மாதம். மருந்து தொடங்கியதுமே தொற்றும் தன்மை வேகமாகப் போய்விடுகிறது. முழுதாகச் சாப்பிட்டு முடித்தவருக்கு நோய் இல்லை. கையில் மிச்சம் இருப்பது தழும்பும் மரத்த தோலும்தான். அவரைத் 'தொழுநோயாளி' என்று எழுதுவது, அம்மை வந்து போனவரை அம்மை நோயாளி என்பதற்குச் சமம். 'தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்' என்பதே 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள வகையின் பொருளும். மருந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தால் 'தொழுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்'. 'விரல் உதிர்ந்து போகும்' என்று கட்டுரைகளில் வரும், அதுவும் தவறு. நோய் விரலை உதிர்ப்பதில்லை. உணர்ச்சி போனதால் சூடு, வெட்டுக்காயம் தெரியாமல் புண்ணாகிப் புண்ணாகி எலும்பு குறுகுகிறது. எழுத்தில் இந்தப் பயம் இருக்கும் வரை தேமல் கண்டவர் மருத்துவமனைக்கு வர மாட்டார். ஆரம்பத்தில் வந்தால் தடுத்திருக்கக் கூடிய ஊனம் அதனால் வருகிறது. இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற சட்ட வாசகமே 2019-ல்தான் எடுக்கப்பட்டது, அதையும் நினைவில் வையுங்கள்.

'மாற்றுத்திறனாளி' பற்றி. அரசுத் துறைப் பெயர் அது, பரவலாக ஏற்கப்பட்டது. ஆனால் எல்லா இடத்திலும் அதையே தெளித்தால் செய்தி காணாமல் போகும். 'ரயில் நிலையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி' என்றால் என்ன புரியும்? சாய்தளமா, பிரெய்ல் எழுத்தா, ஒலி அறிவிப்பா? 'சக்கர நாற்காலியில் வருவோருக்கு', 'பார்வையற்றோருக்கு', 'காது கேளாதோருக்கு' என்று குறிப்பிடுங்கள். 'பார்வையற்றோர்', 'காது கேளாதோர்' என்று அவர்களுடைய சங்கங்களே பெயர் வைத்துக்கொள்கின்றன, அதில் இழிவு இல்லை. 'ஊமை' மட்டும் வேண்டவே வேண்டாம். கேளாதவர் சைகை மொழியில் சரளமாகப் பேசுகிறவர், அவரைப் பேச்சற்றவர் என்பது பொய். 'பாதிக்கப்பட்ட', 'அவதிப்படும்', 'சக்கர நாற்காலியில் முடங்கிய' என்ற ஒட்டுகளும் தேவையில்லை. சக்கர நாற்காலி முடக்குவதில்லை, அதில்தான் அவர் வெளியே வருகிறார்.

பழமொழிக்குக் கையிருப்பிலேயே மாற்று இருக்கிறது. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்ற இடத்தில் 'விழலுக்கு இறைத்த நீர்'. 'நொண்டிச் சாக்கு' என்ற இடத்தில் 'சப்பைக்கட்டு'. 'குருட்டாம்போக்கில்' என்றால் 'குத்துமதிப்பாக'. 'ஊமைக்காயம்', 'ஊமைவெயில்' ஆட்களைக் குறிப்பதில்லை, அப்படியே விடலாம்.

மனு_எழுத்தர் எழுதியது:

திட்டிய வார்த்தையை எழுதலாமா என்ற கேள்விக்கு: இதழில் ஒரு விதி, புகார் மனுவில் நேர் எதிர் விதி. இதைக் குழப்பிக்கொண்டு வழக்கே பலவீனமாகிறது.

பட்டியல் சாதி, பழங்குடி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் (1989, 2015 திருத்தத்தோடு) 3(1)(ஆர்) அவமதிக்கும் நோக்கத்தோடு இழிவுபடுத்துவது, 3(1)(எஸ்) சாதிப் பெயரால் திட்டுவது. இரண்டுக்கும் பொதுவான தேவை, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடமாக இருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வேறு யாரும் இல்லாத இடத்தில் நடந்தது இதற்குள் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு, அபராதமும் உண்டு. விசாரிக்க வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர்.

மனு எழுதும்போது 'சாதியைச் சொல்லித் திட்டினார்' என்று கௌரவமாக முடித்துக்கொள்வதுதான் பெரிய தப்பு. என்ன வார்த்தை பேசப்பட்டது என்பது முதல் தகவல் அறிக்கையிலோ, குறைந்தபட்சம் குற்றப்பத்திரிகையிலோ இருக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஆகவே மனுவில் வாயில் வந்த வார்த்தை முழுசாக, விகுதியோடு, கூசாமல். எந்த இடம், டீக்கடை முன்னாலா, பேருந்து நிறுத்தமா, யார் யார் நின்றிருந்தார்கள், எத்தனை மணி என்பதும்.

இதழில் அது தேவையில்லை. 'சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசியதாகப் புகாரில் கூறப்பட்டுள்ளது' போதும். முதல் எழுத்தைப் போட்டு மீதிக்குப் புள்ளி வைப்பது நல்லதில்லை, படிக்கிறவர் மனசுக்குள் நிரப்பிக்கொள்வார். சொல்லே செய்தியாக இருந்தால் (தீர்ப்பில் அந்தச் சொல்லைப் பற்றியே விவாதம் என்றால்) ஒரு தடவை உடலில் எழுதலாம், தலைப்பில் கூடாது.

மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016 சட்டத்தின் 92(அ) இருக்கிறது, அதே 6 மாதம் முதல் 5 ஆண்டு. இது இருப்பது காவல் நிலையத்திலேயே பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை, மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். வெறும் ஆபாசப் பேச்சுக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 296.

சான்றிதழ் விஷயம்: பட்டியலில் உள்ள பெயர்கள் அரசமைப்பின் 341-ஆம் பிரிவின்படி வந்தவை, நாடாளுமன்றம் மட்டுமே திருத்த முடியும். அதனால் சான்றிதழில் உள்ள பெயரை உங்கள் கையேட்டைப் பார்த்து யாரும் விண்ணப்பத்தில் மாற்றி எழுதிவிடக் கூடாது. வழிகாட்டிக் கட்டுரை போடும்போது இதைத் தனிக் கட்டத்தில் போடுங்கள். 'ஆதரவற்ற விதவை ஓய்வூதியம்' கேட்டு இ-சேவை மையம் போகிறவருக்கும் அதே. திட்டத்தின் பெயர் அது, அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். நல வாரியத்தின் பெயரில் 'கைம்பெண்' இருக்கிறது. அரசுக்குள்ளேயே இரண்டும் ஓடுகிறது.

மெய்ப்பு_காட்பாடி எழுதியது:

மனநோய் வரியை உடனே வெட்டியாயிற்று. கையேட்டை விகுதியிலிருந்து தொடங்குவதும் முடிவாகிவிட்டது. மிச்சம் இரண்டு. கூத்து, காலனி. குறிப்பாகக் காலனி. அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து வரும் செய்தியில் பாதிக்கு மேல் 'இன்ன ஊர் காலனியில்' என்றுதான் தொடங்குகிறது.

மனு_எழுத்தர் எழுதியது:

காலனி சாதாரண ஆங்கிலச் சொல். பேங்க் காலனி, ஆசிரியர் காலனி, ஹவுசிங் போர்டு காலனி என்றால் வாடகை ஏறும். ஊர்ப் பெயருக்குப் பின்னால் மொட்டையாகக் 'காலனி' வந்தால் பொருளே வேறு. 'நீ ஊரா, காலனியா?' என்று புதுசாக வந்த பையனைக் கேட்கிறவர் விலாசம் கேட்கவில்லை, சாதி கேட்கிறார். அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அந்த ஆண்டு அக்டோபரில் தெரு, சாலை, நீர்நிலைப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை மாற்றவும் அரசாணை வந்தது.

உங்கள் அட்டவணையில் ஹரிஜன் காலனியை ஆதிதிராவிடர் காலனி ஆக்கியிருக்கிறீர்கள். அடைமொழிதான் மாறியது, ஊர் வேறு காலனி வேறு என்ற கோடு அப்படியே இருக்கிறது.

செய்தியில் இப்படிச் செய்யலாம். விபத்து, விளையாட்டு, தேர்ச்சி விகிதம், குடிநீர்ச் செய்தி என்றால் ஊர்ப் பெயர் மட்டும். ஊருக்கே மாணவி முதலிடம் வாங்கியிருந்தால் 'காலனி மாணவி சாதனை' எதற்கு? இடத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால் அங்கே இருப்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர் (அம்பேத்கர் நகர், புத்தர் நகர், அந்த மாதிரி) என்ன என்று நிருபர் அங்கேயே கேட்டு வரட்டும். ஊர்த் தலைவரிடம் கேட்டால் பழைய பெயரைத்தான் சொல்வார். பாகுபாடே செய்தி என்றால், அதாவது ஊர்ப்பக்கம் குழாயில் தண்ணீர் வருகிறது, இந்தப் பக்கம் வரவில்லை, சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டிருக்கிறது என்றால், மூடி மறைக்காதீர்கள். 'ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு' என்று தெளிவாக எழுதுங்கள். அங்கே சாதியை விட்டுவிட்டால் 'ஒரு பகுதிக்குத் தண்ணீர் வரவில்லை' என்று பம்பு ரிப்பேர் செய்தி ஆகிவிடும். கையேடு போடுகிற நிறைய பேர் வழுக்கும் இடம் இது. இழிசொல்லை எடுக்கிறேன் என்று இழிவு நடந்த செய்தியையே எடுத்துவிடுகிறார்கள்.

பட்டா, ஆதார், குடும்ப அட்டை சம்பந்தமான அறிவிப்பில் மட்டும் ஆவணத்தில் உள்ள பழைய பெயரை அடைப்புக்குறியில் கொடுங்கள், இல்லையென்றால் விலாசம் பொருந்தாமல் மனு திரும்பும்.

பெயர் வைப்பது, எடுப்பது நம் மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. வட ஆற்காடு 1989-ல் பிரிந்தபோது வேலூர்ப் பாதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். 1997-ல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் எடுக்கப்பட்டபோது அதுவும் போயிற்று.

பாலாறு_மணல் எழுதியது:

கூத்துக்கு நான் சொல்றேன், அது நம்ம ஏரியா. கட்டியக்காரன் எழுதி வச்சுப் படிக்கிறவன் இல்லை. துரியோதனன் அரசவையில நின்னுக்கிட்டு அன்னிக்கு ஊர்ல நடந்ததைப் பேசுவாரு, முன்னால உக்காந்திருக்கிற பெரிய மனுசனையே வாருவாரு. அந்த வாய்க்கு வெள்ளையடிச்சா கூத்தே இல்லை. அதுக்காக நொண்டியா நடந்து காட்டுறது, குறத்தி வேசம் கட்டி அசிங்கமா பேசுறது எல்லாம் கலைன்னு நான் வாதாட மாட்டேன். குறவன் குறத்தி ஆட்டம்ன்ற பேர்ல நடக்கிறதை 2023-ல அரசே தடை பண்ணிடுச்சு. பெரிய மனுசனை வாருறது ஒண்ணு, இல்லாதவனை வாருறது ஒண்ணு. ரெண்டுக்கும் சிரிப்பு வரும், முன்னதுக்குத்தான் தைரியம் வேணும்.

கட்டுரையில போடறதுன்னா ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது மாத்தாதீங்க. ஆராய்ச்சிக்கு அது ஆதாரம். எந்த ஊர், எந்த நாள் இரவு, பதினெட்டாம் போரா அர்ச்சுனன் தபசான்னு குறிப்பு போடுங்க. ஆனா அந்த வரியைப் பிச்சு எடுத்து பெரிய எழுத்துல நடுப்பக்கத்துல போடாதீங்க, படத்துக்குக் கீழயும் போடாதீங்க. அங்க போட்டா கட்டியக்காரன் பேசுனது இல்லை, இதழ் பேசுனது.

தண்டோரா பத்தி எழுதறப்பவும் பாத்துக்குங்க. பறையடிச்சு ஆள் விட்டு அறிவிக்கிற வேலை வேண்டாம்னு 2022-ல தலைமைச் செயலாளரே கலெக்டருங்களுக்குக் கடிதம் எழுதினாரு. 'தண்டோரா போட்டனர்'னு இப்ப செய்தி வந்தா அதுவே புகார்ச் செய்திதான், நாட்டுப்புற மணம்னு நெனச்சு எழுதாதீங்க. 'பறைசாற்றுதல்' வேற, அது வெறும் வினைச்சொல், தாராளமா எழுதலாம்.

மெய்ப்பு_காட்பாடி எழுதியது:

நன்றி மணல் அண்ணே, மூத்தவரிடம் உங்கள் பதிவையே காட்டப்போகிறேன். கடைசியாக ஒன்று. திருநர் பற்றிய சொற்கள், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டு வரும் கட்டுரைகள். இந்த இரண்டுக்கும் ஒரு வரியில் சொன்னால் போதும்.

வினைமுற்று எழுதியது:

ஒரு வரியில் முடியாது, இரண்டு பத்தி தருகிறேன்.

திருநங்கை என்பது பெண்ணாக வாழும் திருநர், திருநம்பி என்பது ஆணாக வாழும் திருநர். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது திருநர். 'அரவாணி' 2008 நல வாரியத்தின் பெயரிலேயே இருந்த சொல்தான், இப்போது பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும். கூவாகம் செய்தியிலும் திருநங்கையர் என்றே எழுதலாம். சொல்லைச் சரியாகப் போட்டுவிட்டு அடுத்த வரியில் பிறந்தபோது வைத்த பெயரைத் தேடிப் பிடித்துப் போடுவதும், 'ஆணாகப் பிறந்து' என்று தொடங்குவதும்தான் நிருபர்கள் வழக்கமாகச் செய்வது. காவல் துறை வேலையில் சேர்ந்தார் என்ற செய்திக்கு அது எதற்கு? மற்ற சொற்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் அரசிதழில் வந்த சொற்பட்டியலை இணையுங்கள். பால்புதுமையர் போன்ற சொற்கள் அதில் உள்ளன.

சாதிப் பட்டத்துக்கு: 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு தமிழில் அதை விடுவதுதான் வழக்கம், உயிரோடு இருக்கும் எழுத்தாளரிடம் பட்டமில்லாமல் போடலாமா என்று தொலைபேசியில் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். மறுத்தால் அவர் கட்டுரை, அவர் பெயர். மறைந்தவர்களுக்கு நூல் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படி. சாமிநாதையரை வெறும் சாமிநாதன் ஆக்கினால் நூலகத்தில் யாருக்கும் புத்தகம் அகப்படாது. தெருப் பெயருக்கு மாநகராட்சிப் பலகையில் இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறதோ அது. பலகையும் வாய்வழக்கும் வேறாக இருந்தால் பலகையில் உள்ளதைப் போட்டு, பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சேர்த்துவிடுங்கள், ஆட்டோக்காரருக்கு வழி தெரியும்.